அக்கா ஸ்டூடியோவின் படங்கள் மேலே ஏறிய கதை

ஹட்டன் கடைவீதியில் இருந்த அக்காவின் ஸ்டூடியோவுக்குள் அன்று பனிமூட்டம் புகுந்திருந்தது. அங்கே கல்யாணப் படங்களைத் திருத்தி எடுக்கும் வேலை எனக்கு; முதலாளியை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். இப்படியொரு ஈரத்தில்தான் முந்தின வாரம் ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்துப்போய், ஒரு சடங்கு வீட்டின் படங்களில் பாதி அழிந்திருந்தன. படம் கேட்டு வந்த அந்தப் பிள்ளையின் தாயின் முகத்தைப் பார்த்ததிலிருந்து அக்காவிடம் சிரிப்பே இல்லை.

"கிளவுட்ல வாடகைக்கு இடம் எடுப்போம்க்கா. படமெல்லாம் அவங்க மெஷின்ல பத்திரமா இருக்கும், எங்க இருந்தும் தெறக்கலாம்" என்றேன்.

அக்காவின் கணவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம பொம்பளப் புள்ளைங்க படத்த முகந்தெரியாதவன்கிட்ட குடுக்கிறதா? நாமளே ஒரு சர்வர் மெஷின் வாங்கி உள்ளறையில வைப்போம். சாவி நம்ம கையிலயே இருக்கட்டும்."

இரண்டிலும் நியாயம் இருந்தது. கொட்டகலைக் கல்யாண வீடியோ ஒன்றைக் கிளவுடில் ஏற்றிப் பார்த்தோம். மழைக்கு இணையம் ஊர்ந்தது. பொழுது சாய்ந்தும் பாதி ஏறவில்லை. அண்ணன் வெற்றிக் களிப்பில் எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார். ஒரு மிடறு குடித்துவிட்டு அக்கா கேட்டார்: "ரெண்டையும் வச்சுக்க முடியாதா தங்கச்சி?"

முடியும். அதற்குக் கலப்பு முறை என்றே பெயர். பாரமான வீடியோக்கள் உள்ளறை சர்வரில். முடித்த படங்கள் கிளவுடில், அந்தந்த வீட்டாருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லோடு.

அப்படி முதலில் ஏறியது வட்டவளைக் கல்யாணம் ஒன்று. பெண்ணின் தமையனுக்கு வளைகுடாவில் லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டிய அன்று மாலையே அவர் ஸ்டூடியோவுக்கு வீடியோ கோல் எடுத்தார். "அக்கா, எங்கம்மா பட்டுச்சேல கட்டி இன்னைக்குத்தான் பாக்கிறேன்! ரூம்ல எல்லாரும் கூடிப் பாக்கிறோம்" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று கொழும்பில் பெரிய நிறுவனங்களுக்கு இதே ஆலோசனையைச் சொல்லிப் பிழைக்கிறேன். அவர்கள் கேட்பதும் அன்று நாங்கள் கேட்ட கேள்விகளைத்தான். ஆனால் அந்த வீடியோ கோலுக்கு மறுநாள் காலை நடந்தது போல ஒன்றை வேறெங்கும் கண்டதில்லை. அண்ணன் துண்டில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடித்திருந்த அது அவரும் அக்காவும் இருந்த கல்யாணப் படம். அவர்களிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

"இதையும் மேல ஏத்துங்க தங்கச்சி."

"கடவுச்சொல் என்னண்ணே வைக்க?"

"ஒண்ணும் வேணாம். ஊரே பாக்கட்டும்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.