எலும்புக்கு வேண்டிய பாரம்

குடிதண்ணீர்க் கானைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிளை உருட்டி வருகிறார் இராயப்பு. சைக்கிளின் கரியர் வெறுமையாக இருக்கிறது. "கானை அதில வையுங்கோவன்" என்று அல்லைப்பிட்டியில் இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் விண்வெளியைப் பற்றிக் கேட்க வேண்டிவரும்.

வயது எழுபத்து மூன்று; கேட்டால் எழுபது என்பார். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு நாள் முழுவதும் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கால்கள் மெலிந்தன. மகள் மேரிசுகந்தி ஒருநாள் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்.

"உந்த ஆளைப் பாருங்கோ அப்பா. நாற்பது வயசுதான். கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு போகினம்."

"ஏன், பாரிசவாதமோ?"

"இல்லை. ஆறு மாசம் விண்வெளியில மிதந்திட்டு வாறார். பாரம் விழாட்டி எலும்பு தேய்ஞ்சுபோகுமாம். உங்களுக்கு ஒரு வருசத்தில தேயிறது அவைக்கு ஒரு மாசத்தில தேயுதாம். வயசு போறது எப்பிடியெண்டு அவையை வைச்சுத்தான் படிக்கினம்."

அன்று எழுந்தவர் பிறகு பகலில் சாயவில்லை. நனைந்த வலை, சீமெந்துப் பை, அயல்வீட்டு ஆட்டுக்குட்டி, எது அகப்பட்டாலும் தோளில் ஏற்றுவார். ஆட்டுக்குட்டிக்கு நடக்கத் தெரியும் என்பது அவருக்குப் பொருட்டல்ல.

இளவயது முதல் கோயில் பெருநாளில் புனிதரின் சொரூபம் வைத்த கூட்டை மற்றவர்களோடு தோளில் காவி வருபவர் அவர். இந்த ஆண்டு, காவுவோரை ஒழுங்குசெய்யும் அன்ரனிதாஸ் அவரை நிறுத்தப் பார்த்தார்.

"அண்ணை, போன முறை தள்ளாடினனீங்கள். சொரூபம் விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது? இந்த முறை குடையைப் பிடியுங்கோ."

"குடை என்ன பாரமடா? காவுற இடம் இல்லாட்டி நான் பெருநாளுக்கே வரமாட்டன். ரொக்கெற்றில போனவனே இறங்கி வந்து பாரம் தூக்கித்தான் தேறுறான்."

"அவனுக்கு நாற்பது வயசு."

"எனக்கு எழுபதுதான்."

அன்ரனிதாஸுக்கு அதற்கு மேல் விஞ்ஞானம் தெரியாது. நடுவில் ஓர் இடம் கொடுத்தார். முன்னும் பின்னும் நெட்டையான இருவரை நிறுத்தினார்.

பெருநாளன்று கூடு உயர்ந்தது. காவுதடி இராயப்புவின் தோளுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. விண்வெளியில் மனிதன் சற்று உயரமாகிறான், முதுமையில் குள்ளமாகிறான். காணொளியில் இதுவும் இருந்தது. இராயப்பு இதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

தடியைக் கையால் பிடித்தபடி சந்திவரை நடந்தார். செபத்துக்காக ஊர்வலம் நின்றபோது, கழுத்தில் கிடந்த துவாயை இழுத்து மடித்துத் தோளுக்கும் தடிக்கும் இடையில் செருகினார். போதவில்லை. வெளியே எடுத்து இன்னொரு மடிப்பு மடித்துச் செருகினார். இந்த முறை பாரத்தில் துவாய் நசுங்கியது.