ஒரு சிட்டிகைப் பொடியும் என் பழைய சாட்சியும்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரிகளே, சகோதரர்களே,

என்னைத் தெரிந்தவர்கள் முதலில் ஒன்றை மறந்துவிட வேண்டும். ஏழு வருஷங்களுக்கு முன் பெண்கள் கூடுகையில் எழுந்து நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். "மாதக்கணக்காக ராத்திரி வேலை பார்க்கிறேன், பகலிலும் படுப்பதில்லை, கர்த்தர் என்னைச் சோர்வில்லாமல் நடத்துகிறார்" என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் என் இடுப்பில், சேலை மடிப்புக்குள், ஒரு பொடி மட்டை இருந்தது. வாழைமட்டையில் மடித்து விற்பார்களே, அந்த மூக்குப்பொடி. அந்தச் சாட்சி பொய். இது அதற்குத் திருத்தம்.

சொல்லவே குமட்டுகிற காரியம். சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து வாசியுங்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். வீடு இலஞ்சியில். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். கூட இருந்த நர்ஸ் பேறுகால லீவில் போய்விட்டதால், வைகாசியிலிருந்து நைட் டூட்டி முழுவதும் என் தலையில் விழுந்தது. சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் போனால், மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வீட்டு வாசல்.

ராத்திரி வேலை என்னைக் கெடுக்கவில்லை. பகல்தான் கெடுத்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டால், நம் உறவுக்காரர்களுக்கு நம்மேல் பாசமும் கொட்டத் தொடங்கிவிடும். என் வீட்டுக்காரர் வேறு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "சீசன் நன்றாக இருக்கிறது, குடும்பத்தோடு வரவும்" என்று கார்டு எழுதிப் போடுகிறவர். நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்கள்.

"ஏட்டி ஜெயமணி, தூத்துக்குடிக்காரங்க இன்னைக்கு வாராவளாம். இட்லிக்கு மாவு இருக்கா?"

மாவு இருக்கும். நான்தான் அரைத்திருப்பேன். இட்லி அவித்துக் கொடுத்து, அருவிக்குக் கூட்டிப்போய், திரும்பி வந்து மீன்குழம்பு வைத்து, பாய் விரித்துக் கொடுப்பேன். அவர்கள் குறட்டை விடுவார்கள். நான் பாத்திரம் தேய்ப்பேன்.

அந்த வீட்டின் நாற்றத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சாரலில் எதுவும் காயாது. கொடி முழுக்க அடுத்தவர்கள் ஈரத்துணி, எல்லாவற்றிலும் நல்லெண்ணெயும் பூசணமும். மூலையில் பலாச்சக்கைத் தோல், அதன்மேல் ஈ. வாய்க்காலை அடைத்துக்கொண்டு யார் யாருடைய தலைமுடியோ சுருண்டு கிடக்கும். அதைக் கையை விட்டு எடுத்துப் போட்டுவிட்டு, அதே கையோடு சோறு வடிப்பேன். "கொஞ்சம் படுக்கட்டுமா" என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த பெரியம்மை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"பட்டப்பகல்ல பொம்பள படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா?"

அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். கேட்காதது பொறுமையினால் அல்ல, பெருமையினால். ஓயாத ஊழியக்காரி என்று பெயர் எடுக்க ஆசை. அதனால் ஜெபத்தையும் அப்படித்தான் செய்தேன். "ஆண்டவரே, என் தூக்கத்தை எடுத்துப்போடும்" என்று தினமும் கேட்டேன். அவர் எடுத்துப்போடவில்லை. வார்டில் நின்றபடியே கண் சொருகியது. கால் வீங்கியது. நாக்கில் வெள்ளையாக மாவு படிந்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறந்தால் வேர்த்துப்போன புளிச்சோறு, அதைத் தள்ளிவிட்டுக் கசாயம்போல் காய்ந்த தேயிலைத் தண்ணீரைக் குடிப்பேன். அது நெஞ்சுவரை ஏறி எரியும்.

வாட்ச்மேன் என் நிலையைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"ஒரு சிட்டிக இழுத்துப் பாருங்கம்மா. தூக்கம் செங்கோட்டையத் தாண்டி ஓடிரும்."

ஓடத்தான் செய்தது. முதல் இழுப்பில் ஏழு தும்மல், அப்புறம் தலைக்குள் விளக்கு ஏற்றினதுபோல் தெளிச்சல். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. மூக்கு செத்துப்போனது. வார்டு நாற்றமும் தெரியவில்லை, வீட்டு நாற்றமும் தெரியவில்லை. முதலில் ராத்திரிக்கு ஒரு சிட்டிகை. அப்புறம் மணிக்கு ஒன்று. வெள்ளை உடுப்புக்குள் கறுத்துக் கட்டிதட்டின கைக்குட்டை ஒன்று வைத்திருந்தேன். அதை நான் துவைக்கும்போது யாரும் பார்த்துவிடாதபடி கிணற்றடிக்குப் பின்னால் போவேன். இந்த லட்சணத்தில்தான் போய் அந்தச் சாட்சியைச் சொன்னேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆயிஷா பீவி என்று ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண் வலியோடு வந்தாள். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து சில நாட்களிலேயே போய்விட்டன. ராத்திரி முழுக்க வலி. என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. விடியக்காலம் நாலரைக்கு ஆண்பிள்ளை பிறந்தான். நல்ல குரலெடுத்து அழுதான்.

தொப்புள்கொடியை வெட்டிக் கட்டினேன். மருந்து வைக்கக் குனிந்தேன். என் மூக்கிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு, நேராக அந்தப் புதுக்காயத்தின்மேல் விழுந்தது.

ஐயோ, அதை எப்படி எழுதுவேன். ஒரு தாய் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையின்மேல், என் சளியும் பொடியும்.

பஞ்சால் துடைத்தேன். ஸ்பிரிட் போட்டேன். துணியைச் சுற்றினேன். சுற்றும் யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். தொப்புள் வழியாக நஞ்சு ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாய்ப்பூட்டு வரும். ஏழெட்டு நாளில் பிள்ளை பாலுக்கு வாயைத் திறக்க முடியாமல் விறைத்துப்போகும். டாக்டரம்மாவிடம் உடனே சொன்னால் தடுப்பு ஊசி போடுவார்கள். சொன்னால் என் வேலை போகும், பெயர் போகும். நான் சொல்லவில்லை. ஆயிஷா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நர்ஸம்மா, ஒங்கள அல்லாதான் அனுப்பிருக்கான்."

வீட்டுக்கு வந்தேன். விருந்தாளிகள் ஐந்தருவிக்குக் கிளம்பி நின்றார்கள். நானும் போனேன். போகாமல் தனியாக இருக்கப் பயம். தண்ணீருக்கு அடியில் நின்று மூக்கைச் சிந்தினேன், சிந்தினேன், இரத்தம் வருமட்டும் சிந்தினேன். பாறையெல்லாம் எண்ணெய் வழுக்கல், சீயக்காய் நுரை. காலடியில் என் பொடிச்சளி கரைந்து அடுத்தவர்கள் காலுக்குப் போயிற்று. அங்கேயே வாந்தி எடுத்தேன். அந்த நிலையில் இரண்டு காரியம் ஜெபித்தேன். "ஆண்டவரே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆண்டவரே, யாருக்கும் தெரியக்கூடாது."

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், வந்தவர்கள் எல்லோரும் பாட்டுப் பாடி ஜெபிக்க உட்கார்ந்தார்கள். பெரியம்மைதான் தொடங்கினார்கள்.

"ஜெயமணி, கூட்டத்தில சொன்னியாமே ஒரு சாட்சி. தூங்காமலே ஆண்டவர் ஒன்ன நடத்துதாருன்னு. அத இங்கனயும் சொல்லு, கேப்போம்."

எழுந்தேன். "கர்த்தர் என்னை" என்று தொடங்கினேன். அதற்குமேல் தாடை அசையவில்லை. நான் நடிக்கவில்லை, பிரியமானவர்களே. வாய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது என்று எதைக் கேட்டேனோ, அது எனக்கு வந்துவிட்டதுபோல் நின்றேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இடுப்பிலிருந்த பொடி மட்டையை எடுத்து எல்லோர் முன்பாகவும் தரையில் போட்டேன். பெரியம்மை மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்ப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப நடந்தது?"

"விடியக்காலம் நாலரைக்கு."

"இப்ப மணி ரெண்டரை. இம்புட்டு நேரம் என்ன செஞ்ச?"

"அருவிக்குப் போயிருந்தேன் டாக்டரம்மா."

டாக்டரம்மா எழுந்து போய்க் காயத்தைத் திறந்து கழுவி, பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். போட்டு முடித்ததும், "தாய்கிட்ட நீயே சொல்லு" என்றார்கள்.

சொன்னேன். ஆயிஷா முதலில் நம்பவில்லை.

"பொடியா? நீங்களா?"

அப்புறம் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். "சீ! எம் புள்ளயத் தொடாதிய. ரெண்ட மண்ணுக்குக் குடுத்தவ நான். போயிருங்க."

போனேன். டாக்டரம்மா என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். "இந்தப் புள்ளைக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத்தான் ஒன் காரியத்த முடிவு பண்ணுவேன். அதுவரைக்கும் வீட்டுக்குப் போய்த் தூங்கு. மூஞ்சியப் பாரு, பொணம் மாதிரி இருக்கு."

வீட்டில் ஒருவரையும் காணோம். என் வீட்டுக்காரர் அத்தனை பேரையும் சாயங்கால வண்டிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். வரப்போகிறவர்களுக்கும் கார்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். "அருவியில் தண்ணீர் இல்லை" என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அந்தப் பொய்யையும் சேர்த்தே ஆண்டவர் மன்னிப்பாராக.

"நாந்தான் ஒன்னக் கெடுத்தேன்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். ஜன்னலுக்குக் கம்பளியை மாட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அதன்பிறகு தினமும் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் போய் நிற்பேன். ஆயிஷாவையும் பிள்ளையையும் டாக்டரம்மா தனியறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதன் ஜன்னல் அந்தப் பக்கம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால், வாய் திறக்கிறது என்று அர்த்தம். கேட்டதும் அங்கேயே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பேன். மூன்றாம் நாள் அழுதான். ஐந்தாம் நாள் ஊரைக் கூட்டினான். எட்டாம் நாள் சத்தமே இல்லை. அரைமணி நேரம் நின்றேன்.  "ஆண்டவரே, என் பெயரைத் தெருவில் போட்டு மிதியும், அந்த வாயை மட்டும் திறந்து வையும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான். சப்புக்கொட்டிக் குடித்தான். ஆயிஷா என்னைப் பார்த்தாள்.  விரட்டவில்லை.

நான் கேட்ட இரண்டில் ஒன்றைத்தான் கர்த்தர் கொடுத்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, கண்டித்து, மறுபடியும் வேலையில் சேர்த்தார்கள். மறுபடியும் நைட் டூட்டிதான். முதல் இரண்டு வாரம் பொடிக்கு மூக்கு அரித்தது, தலை வெடித்தது, பல்லைக் கடித்தேன். அப்புறம் ஒருநாள் காலையில் மல்லிகை வாசம் தெரிந்தது. வாசலில் நின்று அழுதேன்.

இப்போது என் நடப்பு இதுதான். வீட்டுக்கு வந்ததும் குளித்து, ஒரு கும்பா கஞ்சி குடித்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருட்டறையில் படுத்துவிடுவேன். இரண்டு மணிக்குமேல்தான் எழுந்திருப்பேன். வேலைக்குப் போகுமுன் சூடாக ஒரு பிடி சோறு. நடுராத்திரியில் சோறு கிடையாது, பசித்தால் ஒரு பழம், சுக்குத்தண்ணீர். கண் அசந்தால் எழுந்து வார்டை ஒரு சுற்று நடப்பேன். கால் வீங்குவதில்லை. தூக்கத்தை எடுத்துப்போடும் என்று கேட்ட முட்டாளுக்கு, கர்த்தர் தூக்கத்தைக் கொடுத்துச் சுகம் தந்தார்.

போன மாதம் அவசர வார்டில் ஆள் இல்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள்; ஒரு பையனை, காலில் ஆணி குத்தினதென்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏழு வயசு இருக்கும். ஊசியைக் கண்டதும் அலறினான். பின்னால் நின்ற தாயை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"மூக்குப்பொடி நர்ஸம்மாதான?"

"ஆமா ஆயிஷா."

"இப்பமும் போடுதியளா?"

"இல்லம்மா. இப்ப பகல்ல தூங்குதேன்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்பம் இந்தாங்க, நீங்களே ஊசி போடுங்க" என்று பையனின் கையை என் கையில் கொடுத்தாள். அவன் அண்ணாக்கு தெரிய வாயைத் திறந்து கத்தினான். அந்தத் திறந்த வாயைப் பார்த்து நான் செய்த ஸ்தோத்திரத்தை ஆண்டவர் ஒருவரே கேட்டார்.

ராத்திரி வேலை பார்க்கிற ரயில்வே சகோதரர்களே, மில் சகோதரர்களே, நர்ஸ் பிள்ளைகளே, நீங்கள் கண் மூடினால் உலகம் நின்றுவிடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். மறைத்து வைத்திருக்கிறதை அவர் முன்னால் தரையில் போடுங்கள், போட்டுவிட்டு நம்பிப் படுங்கள். நேற்று எனக்கு டூட்டி. இப்போது மணி ஒன்பது ஆகிறது. வாசலில் மதுரைக்காரர்கள் குரல் கேட்கிறது, என் வீட்டுக்காரர் அவர்களிடம், "மெதுவாப் பேசுங்க, அவ தூங்குதா" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் சொன்னது பொய்யாகிவிடக்கூடாது. நான் படுக்கப் போகிறேன்.