கடித்த வாயில் விழுந்த அடி

நான் கணக்கெழுதிய ஏலத்தோட்டத்து அறையில் அன்று இருந்தது நான், மனைவி செல்லத்தாய், ஒன்றேகால் வயது மகன் மூவரும்தான். பிள்ளை வளர்த்துப் பழகிய என் தாயும் மாமியாரும் மலைக்குக் கீழே சிலமலை என்ற எங்கள் ஊரில் இருந்தார்கள். அடைமழையால் போடிக்கு ஜீப்பும் ஓடவில்லை.

காலையில் பால் குடிக்கும்போது மகன் கடித்துவிட்டான். செல்லத்தாய் அலறினாள், மார்பில் ரத்தம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கண்டிக்காவிட்டால் பழகிவிடுவான் என்று எண்ணி, அவன் வாயிலேயே அடித்தேன்.

அதற்குப் பிறகு அவன் பால் குடிக்கவில்லை. மார்பருகே கொண்டுபோனாலே விறைத்துக்கொண்டு அழுதான். கஞ்சியையும் துப்பினான். மறுநாள் சாயங்காலம் அழக்கூடக் குரல் வரவில்லை. உதடு காய்ந்து கிடந்தது. பிள்ளையைக் கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன்.

பக்கத்து அறையில் இருந்த மரியா வந்தாள். தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் பெண், அவளும் கைக்குழந்தைக்காரி. நடந்ததைக் கேட்டதும் என்னை முறைத்தாள்.

“கணக்கப்பிள்ளை அண்ணே, ஏட்டுல எழுதுற கையால பச்சப்புள்ள வாயில அடிப்பீகளாக்கும்? புள்ள உங்களைப் பாத்துத்தான் மெரளுது. வெரசா வெளிய போங்க!”

மழையில் நின்றேன். உள்ளே அவள் சொல்வது கேட்டது.

“அரைத் தூக்கத்துல குடு, ஆத்தா. கடிச்சா கத்தாத, இழுக்காத. கடைவாயில சுண்டு வெரல விடு, தானே விட்டுருவான்.”

வெகுநேரத்துக்குப் பிறகு செல்லத்தாய், “குடிக்கிறான், குடிக்கிறான்!” என்று அழுதாள்.

நான் கண்டிப்பு என்று நினைத்தது அவனுக்கு வெறும் பயமாகத்தான் இருந்திருக்கிறது. தாயிடம் திரும்ப அவனுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. என்னிடம் வர இருபத்துமூன்று நாள்.