மருமகனிடம் என் ரத்தம் இருந்த மாதங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம், காரைக்குடியில் என் தங்கைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மறுநாள் காலையில் முகம் மஞ்சளாக இருந்தது. மதியத்துக்குள் மஞ்சள் வயிறு வரை இறங்கிவிட்டது. தாயின் ரத்தம் நெகட்டிவ், பிள்ளையுடையது பாசிட்டிவ். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு பிள்ளையின் ரத்த அணுக்களை உடைக்கிறது என்றார் உள்ளூர் மருத்துவர். ரத்தத்தை மாற்றாவிட்டால் மூளை கெடும். உயிர் தப்பினாலும் காது கேட்காமல் போகலாம்.

தங்கையால் எழ முடியவில்லை. வாடகைக் காரில் அவள் கணவரும் நானும் என் மனைவியும் பிள்ளையோடு மதுரைக்குப் புறப்பட்டோம். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வேண்டாமென்றாலும் கேட்காமல் பிள்ளையை அவளே மடியில் வாங்கிக்கொண்டாள். மேலூர் தாண்டியதும் பிள்ளை அழுவதை நிறுத்தியது. அதுவரை அழுகிறதே என்று வருந்தியவர்கள் அழவில்லையே என்று பயந்தோம்.

ஆஸ்பத்திரியில் நெகட்டிவ் ரத்தம் கைவசம் இல்லை. மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டினார். "எம் புள்ளைக்கு என் ரத்தத்த எடுங்க டாக்டரம்மா."

"உங்க ரத்தமும் பாசிட்டிவாத்தான் இருக்கும், ஆகாது. உங்களைக் கொண்டு பிறந்ததாலதான் இந்தச் சங்கடமே" என்ற மருத்துவர், என்னைச் சோதித்தார். எனக்கும் தங்கையைப் போலவே நெகட்டிவ். பிள்ளைக்கு ஏற்ற வகை.

மனைவி என்னைக் குழாயடிப் பக்கம் அழைத்தாள். "கேக்குறேன்னு கோவிக்காதீக. உங்க ரத்தம் பூராவும் அவனுக்குள்ள போனா, அவன் நமக்கு மகனாயிருவானே. நாளைக்கு நமக்குப் பொண்ணு பிறந்தா, முறை என்னாகும்?"

மாப்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. "தாயி, மொதல்ல புள்ள பொழைக்கட்டும். நீ பொண்ணு குடுக்காட்டி நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

"நான் வேணாம்னா சொன்னேன், அண்ணே? முறையத்தான கேட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ரத்தம் எடுக்கும்போது மனைவி கேட்டதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரித்தபடி அவளைக் கூப்பிட்டார். "ஏத்துற ரத்தம் மூணு நாலு மாசம்தாம்மா இருக்கும். அதுக்குள்ள அவன் எலும்புக்குள்ள அவனோட ரத்தமே ஊறிடும். அது அவன் கூடவே பிறந்தது. அதை மாத்த எங்களால ஆகாது. எலும்புக்குள்ள இருக்கறதையே மாத்திப் பார்க்கறாங்களாம், வெளிநாட்டுல. பலதும் ஒட்டாமப் போயிடுதாம். அது இங்க வந்தா, அப்ப கேளுங்க." பிறகு மாப்பிள்ளையிடம், அடுத்த பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு என்று சிரிக்காமல் சொன்னார்.

தொப்புள் வழியாக ஒரு சிறிய ஊசிக்குழாய் அளவு ரத்தத்தை வெளியே எடுத்து, அதே அளவு என் ரத்தத்தை ஏற்றினார்கள். அப்படியே மறுபடி மறுபடி. மாப்பிள்ளை கதவுக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து அழுகை கேட்டது, நல்ல உரத்த அழுகை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆடியில் மறுசோதனைக்குக் கொண்டு போனோம். மருத்துவர் பிள்ளையின் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். பிள்ளை திரும்பிப் பார்த்தது. தங்கை அதை மறுபடி செய்யச் சொன்னாள், மறுபடியும் திரும்பியது. ரத்தம் இப்போது பாசிட்டிவ் என்று முடிவு வந்தது.

காரைக்குடிக்கு வந்ததும் மனைவியிடம் முதலில் காது கேட்பதைச் சொன்னேன். நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து, "ரத்தம்?" என்றாள்.

"அவன் அப்பன் ரத்தந்தான்."

"அப்பச் சரி" என்று உலை வைக்கப் போனாள்.