கலீலுல்லா பாயின் கடல் போர்வெல்

பேப்பரை மடித்து டிவிஎஸ் ஐம்பதின் சீட்டில் வைத்து, முழங்கையால் அழுத்திக்கொண்டு, ஷேர் விலைப் பக்கத்தில் விரலை மெல்ல இறக்கிக்கொண்டிருக்கிறார் கலீலுல்லா பாய். அந்த விரலில் எப்போதும் கிரீஸ். அது போன வழியில் கம்பெனிகளின் பெயர்களெல்லாம் கறுத்துப்போகும். 'நீலமுத்து ஆயில்' வந்ததும் விரல் நிற்கும். விலை ஏறியிருந்தால் வண்டி முதல் மிதியிலேயே கிளம்பிவிடும். இறங்கியிருந்தால், "பிளக்குல இன்னாவோ கீது" என்று வண்டிக்குத் திட்டு விழும்.

பாய்க்குப் போர்வெல் தொழில். பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வரை புது வீடு கட்டுகிறவர்கள் முதலில் தேடுவது இவரைத்தான். லாரியும் மெஷினும் வேறொருவருடையவை. இடம் பார்ப்பதும் வீட்டுக்காரருக்குத் தைரியம் சொல்வதும் பாயின் பங்கு. வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினால், பாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று வாய்க்குள் துஆ ஓதிக்கொள்வார். அவர் போடும் கண்டிஷன் ஒன்றுதான். துளை இறங்கும்போது, தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் ஊற்று ஒதுங்கிவிடுமாம். "வாயை மூடிக்கினு டீ சாப்பிடு நைனா. அது வரச்சொல்லோ வரும்" என்பார். வெறும் பாறைத்தூள் புகையாகப் பறந்தால், கர்சீப்பால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, "ஈரம் தட்டுது, இன்னும் கொஞ்சம் போவலாம்" என்பார்.

இப்படி ஊருக்கெல்லாம் போர் போட்டவர் வீட்டில் போர் இல்லை. அவர் மனைவி ஜுபைதா அக்கா எங்களோடுதான் சென்னீர்குப்பம் ரோட்டோரக் கைப்பம்பில் குடத்தோடு நிற்கிறார். கொல்லையில் போர் போட வேண்டும் என்று அக்கா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், ஊரே ஷேர் ஷேர் என்று அலைந்த தொண்ணூற்று நாலில் கைக்கு வந்தது. அந்த வாரம் பார்த்து, ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை செய்யும் கோவிந்தராஜ் ஒரு ஷேர் விண்ணப்பத்தோடு வந்தார். நீலமுத்து கம்பெனி கடலில் சோதனைக் கிணறு போடும், பிறகு மேடை கட்டும், அப்புறம் கரை வரை குழாய் இழுக்கும் என்று ஆரம்பித்தார். பாய் அவரை முடிக்கவே விடவில்லை.

"நம்ம தொழிலு மாமே! அதுவும் கடல்ல. பாதி தூரம் வெறும் தண்ணி, மெஷினே ஓட்ட வேணாம்!"

பணம் முழுதும் போய்விட்டது. "எண்ணெய் மட்டும் வரட்டும், நம்ம ஊட்டுல போர் இன்னா, மேல டேங்கே கட்டிப்புடலாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

"கடல்ல எண்ணெய் வந்தாத்தான் எனக்குக் கொல்லையில தண்ணியா? நல்லா கீதுங்க உங்க ரோசனை" என்றார் அக்கா.

அதிலிருந்து ரேடியோவில் புயல் என்றால் எங்களுக்கு மொட்டைமாடி வடாம் நினைவுக்கு வரும், பாய்க்கு நடுக்கடல் மெஷின். "காத்து ஓவரா கீதே, ராடு வளைஞ்சுடப் போவுது" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்.

போன மாதம் பட்டணத்தில் பங்குதாரர் கூட்டம். "எண்ணெய் எப்போன்னு மைக்குலயே கேட்டுட்டு வரேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையில் அத்தர் பூசிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் ஸ்வீட் பொட்டலத்தோடு திரும்பினார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே கீற்றுத் தடுப்புதான். காதைப் பொத்திக்கொண்டாலும் பேச்சு கேட்கும்.

"இன்னாங்க சொன்னாங்க?"

"மொத குழியில எண்ணெய் வரலையாம். ஆனா அறிகுறி நல்லா கீதாம். இன்னும் ஆழமா போவணுமாம்."

"நீங்க இன்னா கேட்டீங்க?"

ஸ்வீட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"அதைச் சொல்லச்சொல்லோ, மேடையில பேசுன கம்பெனி ஆளு கர்சீப்பை எடுத்துப் பிடரியைத் தொடைச்சான் ஜுபைதா. அப்பவே புரிஞ்சுபோச்சு. நான் ஊருக்கெல்லாம் சொல்றதை எனக்கே சொல்றான்."

"அப்புறம்?"

"எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டினேன். பாவம், அவன் நெஞ்சு இன்னா அடி அடிச்சுக்கினு இருந்துச்சோ."

"மைக்கு?"

"துளை போடச்சொல்லோ கேக்கக்கூடாது இல்ல?"

அக்கா சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து ஓடியது. சிரித்து முடித்துத்தான், "அப்போ என் போரு?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் கைப்பம்பில் நாங்கள் வரிசையில் நின்றிருந்தோம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளிலும் குடத்தோடு பாய் வந்தார். பின்னால் வெறுங்கையோடு ஜுபைதா அக்கா.

"இன்னா பாய், நம்ம பம்புல எண்ணெய் வருதான்னு பாக்க வந்தீங்களா?" என்றாள் வனஜா.

"வந்தா உனுக்கும் ஒரு கொடம் வனஜாம்மா."

அவர் முறை வந்தது. குடத்தை வைத்தார். கைப்பிடியைத் தொடாமல், பூந்தமல்லிப் பக்கம் ஒரு தடவை, திருமழிசைப் பக்கம் ஒரு தடவை, போர் போட்டுக்கொண்ட வீட்டுக்காரர் யாராவது வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்தார். பஸ் ஒன்று வந்தது. அது கடந்து போகும்வரை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். பிறகு தோள் துண்டை எடுத்து, முகம் பாதி மறையத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, தண்ணீர் அடிக்கத் தொடங்கினார்.