கோதுமை போட்டால் நோலீன், பார்லி போட்டால் பாட்டு

வாட்டில்பர்ன் கால்பந்து மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு ஸ்கோர் தெரிகிறதோ இல்லையோ, யாருடைய வண்டி எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நோலீன் கிட்டோ மைக்கைப் பிடித்தால் அப்படித்தான்.

"வெள்ளை ஹைலக்ஸ் வண்டிக்காரங்க கவனத்துக்கு. முன் விளக்கு எரியுது. நேத்து மத்தியானம் முழுக்க மதுக்கடை வாசல்ல நின்ன அதே வண்டிதான். வீட்டம்மா பக்கத்துல இருந்தா மன்னிச்சுக்குங்க."

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கூத்து. மைதானத்தின் ஓரம் நாலு படி ஏறினால் ஒரு தகர அறை, அதற்குள் ஒரு மைக், ஒரு முக்காலி, ஒரு மின்விசிறி. அறுபத்தாறு வயதில் அந்த முக்காலியில் அவள் உட்காரும் தோரணையைப் பார்த்தால் ஊரே அவள் பெயரில் பத்திரமாகியிருப்பதாக நினைக்கத் தோன்றும். எதிரணிக்காரன் பந்தைத் தவறவிட்டால் அவன் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லுவாள். நம் அணிக்காரன் தவறவிட்டால் அவன் முந்தின நாள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினான் என்று சொல்லுவாள்.

மைக் தவிர அவளுக்கு இன்னொரு ஆயுதமும் இருந்தது. அறுவடைக் காலத்தில் ஊர்த் தானியக் கிடங்கில் அவள் வேலை பார்த்தாள். கோதுமை லாரி வந்து நின்றால், மேடையில் நின்றபடி ஓர் ஆள் உயரக் குத்தூசியை லாரிக்குள் இறக்கி, மூலைக்கு மூலை, நடுவில், அடியில் என்று மாதிரி எடுப்பாள். மேலே நல்ல மணியைப் பரப்பி, மழையில் முளைவிட்டதை அடியில் ஒளித்துக்கொண்டு வருகிற விவசாயிகள் அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்த கதைகளை அவளே ஊருக்குச் சொல்லுவாள். தன் திறமையைப் பற்றி அவள் அடக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் மே மாதம் கிளப்புக்குப் புதுத் தலைவன் வந்தான். டிராக்டர் விற்கிற பிராடி ஷிர்மர். நல்ல பையன்தான், ஆனால் எதையாவது மாற்றாவிட்டால் தூக்கம் வராத வகை. வந்த வேகத்தில் கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஓர் ஓட்டெடுப்பு வைத்தான். சொந்த மைதான ஆட்டங்களில் ஒலிபெருக்கியில் என்ன வேண்டும்? மேலே 'பாட்டு', கீழே 'நோலீன்'.

இரண்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. நூற்றுக்கு எண்பத்துமூன்று பேர் பாட்டு கேட்டிருந்தார்கள்.

நோலீன் சமையலறையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் திரையை மேலும் கீழும் தள்ளினாள். உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. ஆனால் வாய் அதை ஒப்புக்கொள்ளுமா?

"டெஸ்! கிளப்புல உறுப்பினர் முன்னூறு பேரு. ஓட்டு நானூத்திப் பன்னெண்டு. மிச்ச நூத்திச் சொச்சம் கங்காருவா போட்டுச்சு?"

அவள் புருஷன் டெஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நாற்பது வருடக் கல்யாணத்தில் அவன் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் நோலீனின் ஒரு சனிக்கிழமைக்குக் காணாது.

"யார் யார் போட்டாங்கன்னு பேர் தெரியுமே நோல்" என்றான்.

தெரிந்தது. நோலீன் ஒவ்வொரு பெயராக அலசினாள். எதிரி ஊரான கோராங்கிலிருந்து மட்டும் அறுபது பேர். வேலை தேடி பெர்த்துக்குப் போய்ப் பத்து வருடமாகத் திரும்பாதவர்கள் ஒரு கூட்டம். இரண்டு வருடத்துக்கு முன்பே அடக்கம் செய்த பெர்சி லிண்ட்னரும் பாட்டுக்கு ஓட்டுப் போட்டிருந்தார். அவர் மனைவி இன்னும் அவர் கணக்கைத்தான் பயன்படுத்துகிறாள்.

"செத்தும் என்னை விடமாட்டேங்குறானே இந்த பெர்சி!"

பிறகு கழுதை ஓட்டு. தேர்தலில் பெயர்களைப் படிக்காமல் மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுவிட்டு, வாக்குச்சாவடி வாசலில் சுட்டு விற்கிற சாசேஜ் வாங்க ஓடுகிறவர்கள் நம் நாட்டில் எப்போதும் உண்டு. பாட்டு மேலே, நோலீன் கீழே என்றால் கழுதைகள் எங்கே போகும்? சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, வலைப்பந்துப் பெண்கள் குழுவில் 'கறி அடைத்த பை பலகாரத்துக்கு சாஸா, கிரேவியா' என்று சாஸை மேலே போட்டுக் கேட்டாள். அதையே மீன்பிடிக் குழுவில் கிரேவியை மேலே தூக்கிக் கேட்டாள். முதலாவதில் சாஸ் ஜெயித்தது, இரண்டாவதில் கிரேவி.

"மீன் பிடிக்கிறவங்களுக்கு நிஜமாவே கிரேவி பிடிக்கலாம்" என்றான் டெஸ்.

"நீ சும்மா இரு."

ஆனால் அது அவளைக் குடைந்தது. அதனால் மறுநாள் பேக்கரி வாசலில் நின்று, வந்தவர்களை எல்லாம் நேரிலேயே மடக்கிக் கேட்டாள். இருபத்துமூன்று பேர். அத்தனை பேரும் நெஞ்சில் கைவைத்து, "உங்களுக்குத்தான் போட்டேன் நோலீன்" என்றார்கள். வீட்டுக்கு வந்து, வாங்கிய கறிப் பை பெட்டியை மேஜையில் தொப்பென்று போட்டாள்.

"பொய். பூராவும் பொய். லாரிக்காரன்கிட்டயே போய் உன் கோதுமை எப்படின்னு கேட்ட மாதிரி ஆச்சு என் புத்தி."

வியாழக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் அவளை நிறுத்த ஆளில்லை.

"பிராடி, உன் ஓட்டெடுப்புல என்ன தப்புன்னு சொல்லட்டா? கோபம் இருக்கிறவன்தான் தேடிப்போய் பட்டனை அமுக்குவான். என்னைப் பிடிச்சவன் சோபால படுத்துட்டு இருந்திருப்பான். லாரியோட மேல் கோதுமையை மட்டும் ஒரு பிடி அள்ளிப் பார்த்துட்டு மொத்த லாரிக்கும் தரம் சொல்றே நீ."

பிராடி பேனாவைக் கடித்தான். "சரி நோலீன். ஆனா அடியில இருக்கிறதும் அதே மாதிரி இருந்துட்டா?"

"குத்திப் பார்த்துருவோம். எனக்கென்ன பயம்?"

பயம் இருந்தது. அதனால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது.

ஏற்பாடு முழுக்க அவளுடையது. வெள்ளிக்கிழமை இரவுகளில் பரிசு இறைச்சித் தட்டு யாருக்கு என்று குலுக்குகிற மர உருளை கிளப்பில் இருந்தது. அதில் உறுப்பினர் எண்களைப் போட்டுச் சுற்றி, ஐம்பது பேரை எடுப்பது. கோபக்காரன், சோம்பேறி, கழுதை, எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு. சீட்டில் எழுதச் சொன்னால் இந்த ஊரில் ஒருவர் கையெழுத்து இன்னொருவருக்குத் தெரியும். அதனால் ஆளுக்கு ஒரு கோதுமை மணி, ஒரு பார்லி மணி. நடுவர் உடை மாற்றும் அறைக்குள் தனியாகப் போய், மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவில் ஒன்றைப் போட வேண்டும். கோதுமை போட்டால் நோலீன், பார்லி போட்டால் பாட்டு. மிஞ்சியதை வெளியே ஓடையில் எறிந்துவிட வேண்டும்.

"எலி தின்னுட்டா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"எலி எனக்கு எதிரா மட்டும் தின்னாது" என்றாள் நோலீன்.

அடுத்த வாரத்துக்குள் ஐம்பது பேரும் போட்டார்கள். கமிட்டி முன்னால் டப்பாவைக் கவிழ்த்தார்கள். பார்லி இருபத்தெட்டு, கோதுமை இருபத்திரண்டு.

நோலீன் காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டாள். நூற்றுக்கு ஐம்பத்தாறு பாட்டுக்கு. ஆனால் ஐம்பதே மணிதானே? இந்த அளவு மாதிரிக்கு ஒரு பதினாலு கூடக்குறைய இருக்கும். உண்மை நாற்பத்திரண்டாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம்.

பிராடியின் முகத்தில் நிம்மதி. அவனுக்கும் இந்த வம்பு போதும் போதும் என்றிருந்தது.

"அப்போ ஒண்ணும் நிச்சயமில்லேன்னு நீங்களே சொல்றீங்க. விடுங்க, நீங்களே இருங்க நோலீன்."

அவள் வாய் திறந்தது. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், விஷயம் முடிந்தது. கதவோரம் பியர் குடித்துக்கொண்டிருந்த கோலின் ஹாஃப் தொண்டையைக் கனைத்தார். பல வருடங்களுக்கு முன்பு அவருடைய லாரிக் கோதுமை இரண்டு தரத்துக்கும் நடுக்கோட்டில் நின்றபோது, நோலீன் கடைசியில் இரக்கமே இல்லாமல் கீழ்த்தரம் போட்டவள்.

"என் லாரி இப்படிக் கோட்டு மேல நின்னப்ப நீ என்ன பண்ணினே?"

நோலீனுக்கு மூக்கு சிவந்தது. "மறுபடி குத்தினேன்" என்றாள்.

"ம். குத்து."

சொந்த மைதானத்தில் இன்னும் நாலு ஆட்டம் பாக்கி. ஆட்டத்துக்கு இருபத்தைந்து புதுப் பெயர், ஏற்கெனவே போட்ட ஐம்பதோடு சேர்த்து நூற்றைம்பது. அதுவரை டப்பாவைத் திறக்கக் கூடாது என்ற விதியையும் அவளே போட்டாள்.

"நடுநடுவுல எட்டிப் பார்த்து, நமக்குத் தோதா இருக்கிற நேரத்துல நிறுத்துறதுக்குப் பேரு கணக்கு இல்ல, களவாணித்தனம்."

அந்த நாலு ஆட்டம் நம் ஊர் மறக்காது. உருளையைச் சுற்றிப் பெயரைப் படிப்பது நோலீன். "அடுத்த எண்... அட, பெர்சி வீட்டு ஜோய்ஸ் லிண்ட்னர்! வாங்க, இந்தத் தடவை உங்க பேர்லயே போடுங்க." கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பெயர் கேட்பதற்காகவே சீக்கிரம் வந்தவர்கள் உண்டு. அவளைத் தூக்குவதா வேண்டாமா என்கிற ஓட்டெடுப்பை அவளைவிட நன்றாக நடத்த ஆள் கிடையாது. ஜெயித்துவிட்டோம் என்றே நோலீன் நம்பினாள். முக்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசி ஆட்டத்தின் குலுக்கலில் டெஸ்ஸின் எண் வந்தது.

"டெஸ் கிட்டோ!" என்று அவள் குரல் மைதானத்தைச் சுற்றியது. "சாப்பாடு நல்லா இருக்கணும்னா யோசிச்சுப் போடுங்க."

நாலு பகுதியாக ஆடுகிற ஆட்டத்தில் மூன்றாவது பகுதி நடந்துகொண்டிருந்தபோது, டெஸ் தன் நீலப் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி மெதுவாக நடுவர் அறைக்குள் போனான். நோலீன் ஸ்கோர் சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் வெளியே வந்தான். ஓடையில் எதையும் எறியவில்லை. மென்றுகொண்டே வந்தான்.

கோதுமை மணியை மெல்லுவது இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சின்ன வயதுப் பழக்கம். மெல்ல மெல்லப் பசையாகிச் சுயிங்கம் மாதிரி வாயில் நிற்கும். பார்லிக்கு உமி உண்டு, நாக்கில் குத்தும், யாரும் மெல்லமாட்டார்கள். டெஸ்ஸின் தாடை நிதானமாக, சுகமாக அசைந்தது. வாயில் கோதுமை என்றால் டப்பாவில் என்ன?

ஒலிபெருக்கி நின்றுவிட்டது. கோல் விழுந்தது, அதையும் அவள் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கோலின் ஹாஃப் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். நோலீன் மைக்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். எண்பத்துமூன்று சதவீதம் அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

கடைசிப் பகுதிக்கு முந்தின இடைவேளையில் பிராடியும் கோலினும் சேர்ந்து எண்ணி, துண்டுக் காகிதத்தை மேலே கொண்டுவந்து கொடுத்தார்கள். நோலீன் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்றாள் மைக்கில். "பார்லி தொண்ணூத்தி ஒண்ணு, கோதுமை அம்பத்தொம்போது. நூத்துக்கு அறுபது பேருக்குப் பாட்டு வேணும். எட்டு கூடக்குறைய வச்சுப் பார்த்தாலும் அம்பதுக்குக் கீழே இறங்கல. பிராடியோட ஓட்டெடுப்பு தப்பு, எண்பத்துமூணு இல்ல, அதை நான் நிரூபிச்சுட்டேன். ஆனா யார் தோத்தாங்கங்கிறதுல அது தப்பு இல்ல. தோத்தது நான்தான்."

யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். பிராடிக்குக் கண் கலங்கிவிட்டது. "நோலீன், நீங்க வேணும்னா..."

"டேய், மூக்கைத் துடை. இந்தா சுவிட்சு. இப்படித் திருப்பினா ஆன்."

நாலு படி இறங்கினாள். எல்லைக் கோட்டை ஒட்டி முகப்பை மைதானத்தின் பக்கம் திருப்பி நிற்கிற வண்டி வரிசையைக் கடந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். நீலப் பிக்கப்பின் கதவைத் திறந்தாள். இருக்கையில் ஃபிளாஸ்க்கும் ஒரு கறிப் பை பொட்டலமும் இருந்தன. டெஸ் அவசரமாக அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஏறி உட்கார்ந்தாள். "நீ பார்லி."

டெஸ்ஸின் தாடை நின்றது. "ரகசிய ஓட்டு அது."

"உன் வாய்தான் காட்டிக் கொடுத்துச்சு. நாப்பது வருஷம் கூட இருந்துட்டு, நீயுமாடா?"

அவன் கண்ணாடி வழியாக மைதானத்தையே பார்த்தான். பிறகு, அவனுக்கு மிக நீளமான ஒரு பேச்சைப் பேசினான்.

"இருபத்திரெண்டு வருஷமா இந்த சீட்டுல ஃபிளாஸ்க்குதான் உக்காந்திருக்கு, நோல். கோல் விழுந்தா எல்லா வண்டிக்காரங்களையும் போல நானும் ஹாரன் அடிப்பேன். திரும்பிப் பார்ப்பேன். ஃபிளாஸ்க்கு என்ன சொல்லும்? மதுக்கடை வாசல்ல நின்ன வண்டி, லேட்டா வீடு திரும்பின பையன் எல்லாத்தையும் பத்தி மைக்குல சொல்றியே, அதையெல்லாம் எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டியான்னு இருந்துச்சு. அதான் போட்டேன். திட்டுறதுன்னா திட்டு."

நோலீன் திட்டவில்லை. ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில் டீ ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"உன் ஓட்டு செல்லாது" என்றாள். "நீ சொந்தக்காரன்."

"உருளையில வந்த பேரு."

"ம்." கறிப் பை பொட்டலத்தை அவன் மடியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பாதியைக் கடித்தாள். "அந்தச் சிவப்புக் கார் பக்கத்துல நிக்குறானே, அவன் யார்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லு."

சொன்னாள். டெஸ்ஸுக்கு ஃபிளாஸ்க் மூடியிலிருந்து டீ சிந்துகிற அளவுக்குச் சிரிப்பு. ஒலிபெருக்கியில் பிராடி ஏதோ ஒரு பாட்டைத் தவறான இடத்தில் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டான். அந்தக் குழப்பத்தின் நடுவே நம் பையன் ஒருத்தன் தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய்க் கோல் ஆனது. மைதானத்தைச் சுற்றி எல்லா வண்டிகளும் அலறின. டெஸ் கையை நீட்டுவதற்குள் நோலீன் குறுக்கே சாய்ந்து ஹாரனை அமுக்கினாள். இருபத்திரண்டு வருட பாக்கி. மற்ற வண்டிகள் ஓய்ந்த பிறகும் அவள் எடுக்கவில்லை.

பாட்டு நின்றது. மைக் கரகரத்தது.

"நீலப் பிக்கப் வண்டிக்காரங்க கவனத்துக்கு" என்றான் பிராடி, கொஞ்சம் பயந்த குரலில். "ஹாரன்ல இருந்து கையை எடுக்கச் சொல்லுங்க. யார் கைன்னு ஊருக்கே தெரியும்."

நோலீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அமுக்கினாள்.