கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்பேனர் செட்

நான்காம் வகுப்பு படித்த வருஷத்துக் கிறிஸ்துமஸின்போது அம்மாவை நான் மனதார வெறுத்தேன். சிவப்பு வெல்வெட் கவுன் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் திண்டிவனத்திலிருந்து என்னை விழுப்புரத்துக்கு பஸ் ஏற்றினாள். இறங்கியதும் துணிக்கடைகளையெல்லாம் தாண்டி நேராக ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தாள்.

ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், டெஸ்டர், இரண்டு திருப்புளி, எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு தகரப் பெட்டி.

"வூட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்குத்தாங்க. கிறிஸ்துமஸுக்கு. கலர் பேப்பர் சுத்திக் குடுங்க."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கு மானமே போனது. எனக்கென்று வாங்கியது பூப்போட்ட மலிவுத் துணி ஒன்றுதான். திரும்பும்போது கூட்டேரிப்பட்டு வரைக்கும் அழுதேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டிலிருந்தால் அதிகம். அம்மா வல்லம் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர், மொபெட்டில் போய்வருவாள். பீஸ் போனாலும் குழாய் ஒழுகினாலும் வண்டி கிளம்பாவிட்டாலும் அடுத்த தெருவிலிருந்து சித்தப்பா வருவார். அப்பாவின் தம்பி. எனக்கு அவர் என்றால் உயிர். "போய் ஒரு சோடா வாங்கிக்கினு வா, மீதி உனக்கு" என்பார். அம்மா உடனே, "அவ எங்கயும் போமாட்டா தம்பி, டார்ச் புடிக்கணும்" என்று என் கையைப் பற்றி நிறுத்திவிடுவாள். அந்தக் கோபமும் என்னிடம் சேர்ந்துகொண்டே வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சித்தப்பா கேக்கோடு வந்தார். அம்மா பெட்டியை அவர் முன்னால் வைத்துக் காகிதத்தைக் கிழித்தாள்.

"எல்லாம் வாங்கிட்டேன் தம்பி. இனிமே நீங்க வரத் தேவையில்ல."

"பீஸ் போட உங்களுக்குத் தெரியுமா அண்ணி? ஷாக் அடிச்சி சாவப் போறீங்க."

"செத்தா நான்தான சாவறேன். நீங்க கெளம்புங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சித்தப்பா என் தலையைக்கூடத் தடவாமல் வெளியேறினார். தெருமுனை வரை அவர் பின்னாலேயே ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா மொபெட்டின் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வா, உனக்கும் சொல்லித் தர்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீ கெட்டவ."

புத்தாண்டுக்கு அப்பா வந்தார். பையை இறக்கி வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன்: "அம்மா சித்தப்பாவ வெரட்டிட்டாங்கப்பா. நல்ல நாள் அதுவுமா."

அப்பாவின் முகம் மாறியது. "என் தம்பிய வராதன்னு சொல்ல நீ யாருடி?"

"வூட்டு வேலைய நானே பாத்துக்கறேன். அதான் சொன்னேன்."

"நாலு ஸ்பேனர் வாங்கனதும் திமிரு வந்துடுச்சி."

வீட்டிலிருந்த மூன்று நாளும் அப்பா அவள் சமைத்ததைத் தொடவில்லை.

எனக்கு மகள் பிறந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். பீஸ் தானாகப் போனதில்லையாம். பொழுது சாய்ந்ததும் வாசல் மீட்டர் பெட்டியில் சித்தப்பாவே பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, பிறகு வந்து கதவைத் தட்டுவாராம். இரண்டு முறை அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன்.

"யார நம்பியிருப்பாரு, சொல்லு" என்றாள்.

அந்தப் புத்தாண்டு மத்தியானம் அப்பா என்னைச் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டேன். சித்தப்பா தன் இலையிலிருந்து ஈரல் துண்டை எடுத்து எனக்கு வைத்தார். வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு நல்லா வேணும் என்று நினைத்தபடி அதை மென்றேன்.